வெளிச்சுவர் இல்லாத குளியலறைக்கு எக்ஸோஸ்ட் ஃபேன்: குழாயை எந்தப் பக்கம் கொண்டுபோவது?

கடல்வாசல் (உப்புவெளி)

வணக்கம். வீட்டு வேலை தெரிந்தவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

திருகோணமலையில், கடலோரமாக எங்களது ஓட்டு வீடு. முகடு வடக்குத் தெற்காக ஓடுகிறது. முன்பக்கம் கிழக்கு, கடல். குளியலறை பின்பக்கம், மேற்குச் சுவரோடு. மகளுக்காகப் பின்னால் ஓர் அறையை இறக்கிக் கட்டினோம், அதற்கு சீட் கூரை. அறை வந்ததும் குளியலறையின் ஒரே யன்னலும் அதற்கு மேலே இருந்த காற்றுக்கல்லும் அந்த அறைக்குள் போய்விட்டன. இரண்டையும் அடைத்தாயிற்று. இப்போது குளியலறைக்கு வெளிச்சுவர் என்று ஒன்றுமே இல்லை.

அளவு 7 அடிக்கு 5 அடி, சீலிங் உயரம் 9 அடி. அம்மாவுக்கு மூட்டுவாதம், மார்கழி தை மாதங்களில் சுடுதண்ணீரில்தான் குளிப்பார். அவர் குளித்து மத்தியானம் ஆனாலும் கண்ணாடி வியர்த்தபடி நிற்கிறது. கதவின் கீழ்ப்பாதி ஊதிவிட்டது, சீலிங் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறுகிறது. பேரனுக்கு வீசிங் இருப்பதால் இதை இப்படியே விட மனமில்லை.

ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எலக்ட்ரீசியன் தம்பி, சீலிங்கில் 4 அங்குல ஃபேன் ஒன்றைப் போட்டு முகட்டுக்குள், அதாவது சீலிங்குக்கும் ஓட்டுக்கும் இடையே, விட்டுவிடலாம், ஓட்டு இடுக்கால் காற்று தானாகப் போய்விடும் என்கிறார். மேசன் ஓட்டைக் கழற்றிக் குழாயை மேலே எடுக்கலாம் என்கிறார். என் கணவருக்கு மகளின் அறைக்குள்ளால் மேற்கே எடுப்பதுதான் விருப்பம், 12 அடிதான். தெற்கே போனால் எங்கள் படுக்கையறையைத் தாண்டி 14 அடியில் வெளிச்சுவர். எது சரி?

லிங்கநகர்

அக்கா, எலக்ட்ரீசியன் சொல்வதில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஓட்டுக் கூரை காற்றுப் போகிற கூரைதானே. பகலில் முகட்டுக்குள் தலை வைக்க முடியாத சூடு, போகிற ஈரம் நிமிடத்தில் காய்ந்துவிடும். எதற்கு 14 அடிக் குழாய்?

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

தம்பி சொல்வது பகலுக்குச் சரி. ஈரம் சேர்வது பகலில் இல்லை.

வானம் வெளித்த இரவுகளில் ஓடும் சீட்டும் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. விடியற்காலையில் முற்றத்து வாகனத்தின் கூரையில் பனி பூத்திருப்பது அதனால்தான். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் குளிப்பதும் அதே நேரம். சுடுதண்ணீர் ஆவியை அந்தக் குளிர்ந்த ஓட்டுக்குக் கீழே கொண்டுபோய் விட்டால் அங்கேயே தண்ணீராகப் பிடிக்கும். சீலிங்குக்கு மேலே சொட்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்படி முகட்டுக்குள் விட்ட ஃபேனைக் கழற்ற ஏறினேன். ஃபேனுக்கு மேலே ஓட்டைத் தாங்கும் மரச் சலாகைகளில் ஆணித் தலை ஒன்றுகூட மிஞ்சவில்லை, துருப்பொடிதான் இருந்தது. விரல் நகத்தை வைத்து அழுத்தினால் மரம் உள்ளே போனது. கொஞ்சம் தள்ளிக் கறையான் மண் ஏறியிருந்தது. கீழே படுக்கையறை சீலிங்கில் பிளேன்ரீ சிந்தியதுபோலப் பழுப்பு வட்டங்கள். வீட்டுக்காரர் அதைக் கூரை ஒழுக்கு என்று நினைத்து ஓட்டை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கடலோரக் காற்றில் உப்பு. முகட்டுக்குள் ஆணி, கம்பி, தகடு எல்லாவற்றிலும் மெல்லிய உப்புப் படை இருக்கும். ஈரம் கிடைத்ததும் துரு ஓடும். உள்நாட்டு வீட்டில் பத்து வருடம் தாங்குவது இங்கே தாங்காது.

ஆகவே காற்றை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் விட வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. எந்தப் பக்கம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

மூதூரான்

குளியலறைக்குப் பக்கத்தில் மலக்குழியின் காற்றுக் குழாய் மேலே போகுமே? அதுவும் 4 அங்குலம்தான். ஒரு ‘டீ’ இணைப்பு (மூன்று வாய்த் துண்டு) வைத்து அதில் சேர்த்துவிட்டால் புதிதாக ஓட்டை எதுவும் போடத் தேவையில்லை. ஒரு இடத்தில் செய்திருப்பதைப் பார்த்தேன்.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். ஃபேன் நின்றிருக்கும் நேரமெல்லாம் மலக்குழி வாயு அந்த ‘டீ’ வழியாகக் குளியலறைக்கு வரும். ஃபேன் ஓடும்போது திறந்து, நின்றால் மூடும் பிளாஸ்ரிக் மடல் காற்றோட்டத்தைக் குறைக்கத்தான், வாயுவை அடைக்க அல்ல. அந்த வாயுவில் மீதேனும் ஐதரசன் சல்பைட்டும் உண்டு. ஒன்று தீப்பிடிக்கும், மற்றது நஞ்சு. ஃபேன் ஓடும்போது அதன் அழுத்தம் குழிப் பக்கம் திரும்பினால் சிங்க், தரைவாய் எல்லாவற்றின் தண்ணீர்ப் பூட்டையும் (நாற்றம் வராமல் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர்) தள்ளிவிடவும் கூடும். மலக்குழியின் குழாய் மலக்குழிக்கு மட்டும்.

மூதூரான்

விளங்கியது ஐயா. அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுகிறேன்.

உவர்மலை

மேலே எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் குரங்கு இல்லாத நாள் இல்லை. ஓட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் எதையும் அவை பிடித்து ஆட்டாமல் விடாது. தொலைக்காட்சி அன்ரெனாவுக்கு நடப்பது குழாய்க்கும் நடக்கும். குழாய் அசைந்தால் ஓட்டைச் சுற்றிப் பூசிய சீமெந்து வெடிக்கும், மாரிக்கு அந்த இடம் ஒழுகும். உப்புவெளியில் குரங்குத் தொல்லை குறைவு என்றாலும் ஓட்டுக் கூரையில் ஓட்டை போட்டு அது ஒழுகாமல் வைத்திருப்பது லேசான வேலை இல்லை. சுவர் கிடைக்கிற வீட்டில் கூரையைத் தொடாதீர்கள் என்பதே என் எண்ணம்.

புதிய அறையின் சீட் எது? அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் துளை போடவே கூடாது. கிரைண்டர் வைத்து வெட்டினால் பறக்கும் தூசியில் நார் இருக்கும், அது நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

கடல்வாசல் (உப்புவெளி)

ஆம், அஸ்பெஸ்டஸ் சீட்தான். அதைத் தொடவில்லை. மகளின் அறைக்கு ஏசி போட்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன். மேற்கே எடுத்தால் குழாய் அந்த அறையின் மேல் மூலையால் போகும், பெட்டி அடித்து மறைக்கலாம் என்பது அவருடைய யோசனை.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

ஏசி என்றால் மேற்கு வழியை விட்டுவிடுங்கள் தங்கச்சி. ஏசி அறைக்குள் குழாய் குளிர்ந்து கிடக்கும். அதற்குள்ளால் சுடுதண்ணீர் ஆவி போனால் குழாயின் உட்சுவரில் தண்ணீர் பிடிக்கும். ஃபேன் நின்ற நேரத்திலும் வெளியில் இருக்கும் கடற்காற்று குழாய்க்குள் வந்து அதே வேலையைச் செய்யும். உறை சுற்றிக் காப்பாற்றலாம்தான். ஆனால் மறைத்த பெட்டிக்குள் ஓர் இணைப்புக் கசிந்தால் சுவர் ஊதிய பிறகுதான் தெரியவரும்.

தெற்கு வழியைப் பார்ப்போம். உங்கள் முகடு வடக்குத் தெற்காக ஓடுகிறது என்றால் தெற்கில் இருப்பது கூரையைத் தாங்கும் முக்கோணச் சுவர். அது பெரிய வசதி. சீலிங்குக்கு மேலே, முகட்டுக்குள்ளேயே நேராகப் போய் அந்தச் சுவரால் வெளியே வரலாம். தாழ்வாரத்துக்கு அடியில் விடும் பிரச்சினையும் இல்லை. தாழ்வாரத்துக்குக் கீழே விட்ட ஈரக்காற்று மேலே எழும்பி, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கால் திரும்ப முகட்டுக்குள்ளேயே போகும். முக்கோணச் சுவரில் அது நடக்காது, கூரை விளிம்பில் இருந்து ஒன்றரை அடியாவது கீழே துளை விழுந்தால் போதும்.

14 அடி நேர் ஓட்டம், வளைவு ஒன்றே ஒன்று. இதைவிட நல்ல வழி உங்கள் வீட்டில் கிடையாது.

வாடைக்காற்று (நிலாவெளி)

தெற்கு என்பதற்கு நானும் கை தூக்குகிறேன், காற்றுக் கணக்கால். நமக்கு மழை கொட்டுவது ஐப்பசி முதல் தை வரை, அடிப்பது வடகிழக்கில் இருந்து. கிழக்குச் சுவரிலோ வடக்குச் சுவரிலோ வாய் வைத்தால் வாடை மழை நேரே குழாய்க்குள் வரும். வைகாசி தொடங்கி ஆவணி மட்டும் கச்சான் மேற்கில் இருந்து எரித்துக்கொண்டு வரும். மேற்குச் சுவரில் வாய் இருந்தால் அந்தக் காற்றுக்கு எதிராக ஃபேன் தள்ள வேண்டும், மடலும் இரவு முழுக்க ‘டக் டக்’ என்று அடிக்கும். தெற்குச் சுவரை இரண்டும் உரசிக்கொண்டு போகுமே தவிர நேரே மோதாது.

குச்சவெளி

சாதாரண வாடைக்கு அது சரி. புயலுக்கும் சேர்த்து யோசியுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி எங்கள் பக்கத்தால் கரையேறியபோது மழை மேலிருந்து விழவில்லை, படுக்கையாக வந்தது, அதுவும் திசை மாறி மாறி. குழாய் வெளிப்பக்கம் சாய்ந்திருந்த வீடுகளில் வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பியது. எங்கள் அண்ணா வீட்டில் குழாய் உட்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் ஃபேன் மோட்டாருக்குள் இறங்கி, காலையில் சுவிட்ச் போட்டதும் ட்ரிப் விழுந்தது. சாய்வு முக்கியம்.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

மிகவும் சரி. அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வையுங்கள். 14 அடிக்கு மூன்றரை அங்குலம். குளியலறைப் பக்கம் உயரம், தெற்குச் சுவர்ப் பக்கம் தாழ்வு. நூல் கட்டி, மட்டக்குழாய் பிடித்துச் சுவரில் துளையை முதலில் குறித்துவிட்டு, பிறகு குழாயைத் தொங்கவிடச் சொல்லுங்கள். துளையை முதலில் கண்மட்டத்துக்குப் போட்டுவிட்டால் அப்புறம் குழாய் அந்தத் துளைக்கு ஏற்றமாதிரித்தான் வளையும்.

லிங்கநகர்

சரி, வெளியேதான் விட வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண 4 அங்குல ஃபேன் 14 அடிக்குத் தள்ளுமா? கடையில் அதற்கென்று வளையும் அலுமினியக் குழாயும் வைத்திருக்கிறார்கள், அதை மாட்டினால் வளைவு வேலையே இல்லையே.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கடையில் சுவருக்கு என்று விற்கும் தட்டையான 4 அங்குல ஃபேனின் பெட்டியில் மணிக்கு 85, 95 கனமீற்றர் என்று போட்டிருக்கும். அது குழாய் எதுவும் மாட்டாமல் வெறும் வெளியில் சுற்றும்போது வரும் கணக்கு. அந்த வகை ஃபேன் தள்ளக்கூடிய அழுத்தம் பெரும்பாலும் 30, 40 பாஸ்கலைத் தாண்டாது, அந்த அழுத்தத்தில் காற்றோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒரு சுவரின் தடிப்பைத் தாண்டத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். 14 அடிக் குழாய், ஒரு வளைவு, சீலிங் கிரில், வெளியில் மடல் எல்லாம் சேர்ந்தால் 20 பாஸ்கலுக்கு மேல் எளிதாகப் போய்விடும். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கும், காற்றுப் போகாது. ‘ஃபேன் போட்டும் கண்ணாடி வியர்க்கிறது’ என்று சொல்லும் வீடுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

உங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும்? 35 சதுர அடி அறை. சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு கனஅடி என்பது வழக்கமான கணக்கு, ஆனால் எவ்வளவு சின்ன அறை என்றாலும் 50க்குக் கீழே போகக்கூடாது. 50 கனஅடி என்றால் மணிக்கு 85 கனமீற்றர். இந்த அளவு காற்று குழாயின் மறுமுனையில் வெளியே வர வேண்டும். பெட்டியில் எழுதியிருந்தால் போதாது.

அதனால் குழாயின் நடுவே மாட்டும் ஃபேனை வாங்குங்கள். கடையில் ‘இன்லைன் ஃபேன்’ என்று கேட்டால் தருவார்கள். 4 அங்குல இன்லைன் ஃபேன் 100 பாஸ்கலுக்கு மேலும் தள்ளும். மோட்டார் சீலிங்குக்கு மேலே போய்விடுவதால் குளியலறைக்குள் சத்தமும் குறைவு.

இனி அந்த அலுமினிய வளைகுழாய். அதன் உட்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கும், காற்று ஒவ்வொரு மடிப்பிலும் உரசும். முழுக்க இழுத்து விறைப்பாகக் கட்டினாலும் வழுவழுப்பான குழாயைவிடத் தடை இரண்டு மடங்குக்குக் குறையாது. யாரும் முழுக்க இழுப்பதும் இல்லை. இரண்டு தாங்கிகளுக்கு நடுவே தொய்ந்து, தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். நம் ஊரில் அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் உப்புக்காற்றில் அரித்துப்போகும். தகடு மெல்லியது, எலி கடித்தாலே கிழியும்.

தண்ணீர் வேலைக்கு வாங்கும் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் போதும். உட்பக்கம் வழுவழுப்பு, துருப்பிடிக்காது, எந்த ஹார்ட்வெயாரிலும் கிடைக்கும். வளைவுக்கு 90 பாகை முழங்கை ஒன்று வைப்பதைவிட 45 பாகை இரண்டை இடையில் கொஞ்சம் நேர்த்துண்டோடு வையுங்கள், காற்று திரும்பும்போது மோதாது. ஃபேன் வாயில் உடனே வளைவு வரக்கூடாது. இரண்டடியாவது நேராக விட்டு மாட்டுங்கள்.

குழாயின் இணைப்புகளைப் போடும் திசையும் பார்க்க வேண்டும். தண்ணீர் சாய்ந்து ஓடும் பக்கம் குழாயின் நுனி அடுத்ததன் வாய்க்குள் போக வேண்டும். மாறிப் போட்டால் உள்ளே பிடிக்கும் தண்ணீர் இணைப்பால் கசிந்து உங்கள் படுக்கையறை சீலிங்கில் இறங்கும்.

ஃபேனுக்கு இரண்டு பக்கமும் பசை போட வேண்டாம். ரப்பர் இணைப்பும் கிளிப்பும் போடுங்கள், பழுதானால் கழற்றலாம், அதிர்வும் குழாய்க்கு ஏறாது. துணி டேப் முகட்டுச் சூட்டில் உரிந்து தொங்கும், அதை நம்ப வேண்டாம். நாலு அடிக்கு ஒரு தாங்கி. ஃபேன் இருக்கும் இடத்துக்குக் கீழே சீலிங்கில் ஆள் தலை போகிற அளவுக்குத் திறக்கும் பலகை ஒன்று வையுங்கள்.

டோட்முண்ட் தம்பி

ஐயா, இங்கே ஜெர்மனியில் கூரைக்குள் போகும் குழாய் முழுவதற்கும் கண்ணாடிநார் உறை சுற்றச் சொல்வார்கள். சுற்றாவிட்டால் குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் ஓடிவரும். அக்காவும் சுற்ற வேண்டாமா?

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

தம்பி, உங்கள் ஊரில் அது கட்டாயம்தான். அங்கே கூரைக்குள் உறைகுளிர் இருக்கும். திருகோணமலையில் தை மாத விடியலில்கூட 24 பாகை சுற்றுவட்டாரம், பகலில் முகடு அடுப்பு மாதிரிக் கொதிக்கும். குழாய்க்குள் பிடிக்கும் தண்ணீர் சொற்பம், சாய்வு இருந்தால் அது வெளியே போய்விடும். உறை சுற்றினால் தப்பில்லை, ஆனால் அந்தக் காசை நல்ல ஃபேனுக்குக் கொடுக்கலாம். குழாய் ஏசி அறைக்குள்ளால் போனால் மட்டும் இங்கேயும் உறை கட்டாயம்.

கிண்ணியா மின்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மின் வேலை சம்பந்தமாகச் சில விஷயங்களை நானும் சொல்கிறேன்.

இன்லைன் ஃபேன் சீலிங்குக்கு மேலே போவது மின்சாரத்துக்கும் நல்லது. ஷவர் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை ஈரம் தெறிக்கும் இடம், அதைச் சுற்றி 0.6 மீற்றர் வரைக்கும் கவனம் வேண்டும். அந்த எல்லைக்குள் ஃபேன் மாட்டினால் குறைந்தது ஐபி எக்ஸ் 4 தரம் (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) இருக்க வேண்டும். உங்கள் சீலிங் 9 அடி, அதாவது 2.7 மீற்றர், கிரில் மட்டும்தான் உள்ளே தெரியும், பயமில்லை. அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். போர்டில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதாது, அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஃபேனுக்குத் தனியாக, குளியலறைக்கு வெளியே ஒரு சுவிட்ச் வையுங்கள், முகட்டில் ஏறிப் பழுது பார்ப்பவர் அதை நிற்பாட்டிவிட்டு ஏறலாம்.

ஈரம் பார்த்துத் தானாக ஓடும் சென்சர் ஃபேனைக் கடைக்காரர் காட்டுவார். நம் ஊருக்கு அது ஒத்துவராது. வாடைக்காலத்தில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 80 வீதத்தைச் சாதாரணமாகத் தொடும். சென்சரை 65இல் வைத்தால் ஃபேன் இரவு பகலாக நிற்காமல் ஓடும். டைமர் போடுங்கள். குளித்து லைட்டை அணைத்த பிறகு 20 நிமிடம் ஓடி நின்றால் போதும். அந்த அறைக்கு அதற்குள் காற்று மூன்று நாலு தடவை மாறிவிடும்.

முக்கியமான ஒன்று: சுடுதண்ணீர் எதில்? காஸ் கீசர் என்றால் அதைக் குளியலறைக்குள் வைத்து எக்ஸோஸ்ட் ஃபேன் போடவே கூடாது. ஃபேன் காற்றை இழுக்கும்போது கீசரின் புகை வெளியே போகாமல் அறைக்குள் திரும்பும். அதில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும்.

கடல்வாசல் (உப்புவெளி)

வஅலைக்கும் முஸ்ஸலாம் நானா. எங்களது கரண்டில் ஓடும் ஷவர் ஹீட்டர். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமத்திப் பார்த்தேன், விழுந்தது. உள்ளே காற்று எங்கால் வரும் என்பதுதான் இன்னும் யோசனை. யன்னல் அடைத்தாயிற்றே.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

கதவுக்கு அடியால். வெளியே போகும் காற்றுக்குச் சமமாக உள்ளே வராவிட்டால் எந்த ஃபேனும் வெறுமனேதான் சுற்றும். கதவு 28 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே முக்கால் அங்குலம் இடைவெளி விட்டால் 21 சதுர அங்குலம். 4 அங்குலக் குழாயின் வாய் பன்னிரண்டரைச் சதுர அங்குலம்தான். தாராளம். ஊதிய கதவின் கீழ்ப்பாதியை எப்படியும் அறுக்கத்தான் வேண்டும், அறுக்கும்போதே அந்த அளவுக்கு அறுத்துவிடச் சொல்லுங்கள்.

காற்று கதவுக்கு அடியால் வந்து ஷவருக்கு மேலே போக வேண்டும். ஆகவே கிரிலைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்காமல் ஷவர் மூலைக்கு மேலே வையுங்கள். உங்களுக்குக் காற்றுக்கல் அடைபட்டது இந்த விஷயத்தில் நல்லதாகவே போயிற்று. நம் ஊர்க் குளியலறைகளில் சீலிங்குக்குச் சற்றுக் கீழே காற்றுக்கல்லும் அதற்குப் பக்கத்திலேயே ஃபேனும் இருக்கும். ஃபேன் காற்றுக்கல்லால் வெளிக்காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் ஆவி அசையாது. ஃபேன் வைத்தால் அதற்கு அருகில் இருக்கும் காற்றுக்கல்லை அடைக்க வேண்டும், இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பாலையூற்று அம்மா

மகள், ஒரு சொல்லு. தெற்குப் பக்கம் வாய் வைக்கிறீர்களே, பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறை யன்னல் அந்தப் பக்கமா? ஆவிதான் என்றாலும் குளியலறைக் காற்று என்றால் மனம் கோணும். வேலை தொடங்க முதல் போய் ஒரு வார்த்தை கதைத்துவிடுங்கள். பிறகு வேலி ஓரத்தில் முகம் பார்க்காமல் இருக்கக் கூடாது.

கடல்வாசல் (உப்புவெளி)

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா. அவர்களின் சமையலறை முன்பக்கம், நாங்கள் விடுவது பின்பக்கம். இருந்தாலும் போய்க் கதைத்தேன். அவர்களுக்கும் இதே பூஞ்சணப் பிரச்சினை, எங்களது சரிவந்தால் தாங்களும் செய்யப் பார்க்கிறார்கள்.

வெளிவாயில் என்ன மாட்டுவது? டெங்குப் பயத்தில் கணவர் நுளம்பு வலை அடிக்கச் சொல்கிறார்.

உவர்மலை

நுளம்பு வலை வேண்டாம் அக்கா. துவாய்ப் பஞ்சு, தலைமயிர், தூசி எல்லாம் அந்தக் கண்ணில் பிடித்து, உப்பும் சேர்ந்து ஒரு பலகையாகிவிடும். கால் அங்குலக் கண் உள்ள வலை போடுங்கள், அணிலும் வௌவாலும் வராது. நுளம்பையும் பல்லியையும் தடுக்க மடல் இருக்கிறது. அதற்கும் மேலே நுளம்பு வலை வேண்டும் என்றால் உள்ளே, சீலிங் கிரிலுக்குப் பின்னால், கழற்றிக் கழுவக்கூடிய மாதிரி வையுங்கள்.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

குழாய் நுனி சுவரைவிட இரண்டு அங்குலம் வெளியே நிற்கட்டும். சுவரோடு மட்டமாக வெட்டினால் சொட்டும் தண்ணீர் சுவரில் வழிந்து பாசி பிடிக்கும். மேலே கீழ்நோக்கிய மூடி, அதற்குள் ஒற்றை மடல். துத்தநாகப் பூச்சுத் தகட்டு மூடி இங்கே இரண்டு மாரி தாங்காது, பிளாஸ்ரிக் அல்லது 316 தரத் துருப்பிடிக்காத இரும்பு வாங்குங்கள். திருகாணியும் அதே தரத்தில். நல்ல மூடி வாங்கிச் சாதாரண ஆணி அடித்தால் ஆணி துருப்பிடித்து மூடி கழன்று விழும். துளையைச் சுற்றி வெளியே சாந்து பூசி, காய்ந்த பிறகு சிலிக்கோன்.

லிங்கநகர்

ஐயா, ஒரு சந்தேகம். 4 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலக் குழாய் போட்டால் இன்னும் நல்லதா? எனக்கு 25 அடி தூரம் இருக்கிறது.

முகட்டுவளை (அலஸ்தோட்டம்)

உங்களுக்கு நல்லது. அதே அளவு காற்றுக்கு 4 அங்குலத்தில் இருந்து 6 அங்குலத்துக்குப் போனால் உராய்வுத் தடை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் ஃபேன் வாயில் 4 இருந்து குழாய் 6 என்றால் விரிக்கும் துண்டு ஒன்றை ஃபேனுக்குப் பிறகு மாட்டுங்கள். மாறி, 6 அங்குல ஃபேனை 4 அங்குலக் குழாயில் நெருக்கிவிடக் கூடாது. தங்கச்சியின் 14 அடிக்கு 4 அங்குலம் போதும்.

கடல்வாசல் (உப்புவெளி)

வேலை முடிந்தது. நீங்கள் சொன்னபடி தெற்கு முக்கோணச் சுவரால் எடுத்தோம். மேசன் முதலில் முணுமுணுத்தார், நூல் பிடித்து மூன்றரை அங்குலம் சாய்வு காட்டிய பிறகு அவரே தாங்கிகளைக் கவனமாக அடித்தார். சுவிட்சைப் போட்டு வெளியே போய்ப் பார்த்தேன், மடல் படுக்கையாகத் திறந்து நின்றது. கதவை மூடினால் காலடியில் காற்று உள்ளே ஓடுவது தெரிகிறது. அம்மா குளித்து வந்து, நான் உடுப்பைக் காயப்போட்டுவிட்டு வருவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. சீலிங் மூலையில் இருக்கும் பழைய பூஞ்சணத்தை என்ன செய்வது?

உவர்மலை

கைக்கும் மூக்குக்கும் உறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் ஈரத்துணியோடு துடையுங்கள். காய்ந்தபடி சுரண்டினால் வித்து பறக்கும், பேரனை அந்த நேரம் வேறு வீட்டில் விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பூஞ்சணம் பிடிக்காத பெயின்ற். குளோரீன் தெளித்தால் அதோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்க வேண்டாம்.

கிண்ணியா மின்

சந்தோஷம் அக்கா. கச்சான் முடிந்து வாடை தொடங்க முதல், அதாவது புரட்டாசிப் பக்கம், ஃபேன் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுக் கிரிலையும் வெளி மடலையும் கழற்றித் துடையுங்கள். கச்சான் தூசி மடலின் கீல்களில் ஏறினால் மடல் பாதி திறந்தபடி நின்றுவிடும், வாடை மழை அதற்குள்ளால்தான் வரும்.